ஏழு புழுக்களின் பட்டினி

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. பட்டினி அக்கா என்றால் வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளிக்குக்கூடத் தெரியும். சாப்பிடாமல் கிடக்கிறவள் என்று நினைத்துவிடாதீர்கள். அக்காவின் மதியச் சாப்பாட்டு டப்பா மூன்று அடுக்கு. மூன்றும் துடைத்து வைத்தது போலக் காலியாகித்தான் வீடு திரும்பும். பட்டினி கிடப்பவை வேறு: கடற்பஞ்சு, ஜெல்லி மீன், நத்தை, நண்டு, இன்னும் யாரும் பெயர் வைக்காத புழு பூச்சி. அவற்றைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்து, சின்னக் கல்வத்தில் பொடியாக அரைத்து, அந்தப் பொடியிலிருந்து மரபணுவைப் பிரித்துக் கொடுப்பது அக்காவின் வேலை. அரைப்பதற்கு முன் பத்து நாள் அவற்றைச் சுத்தமான நீரில் போட்டு, ஒரு வாய்கூடத் தராமல் வயிற்றைக் காலி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் நண்டை அரைப்பதாக நினைத்துக்கொண்டு நண்டு தின்ற மீனையும் சேர்த்து அரைத்துவிடுவோம்.

இருபத்தாறு வயதில் கண்ணாடிக் குடுவை கழுவ வந்தவள். கழுவிய கை அரைக்கப் பழகிற்று, அரைத்த கை பிரிக்கப் பழகிற்று. இருபத்திரண்டு வருடத்தில் அவள் கையால் போன மாதிரி ஒன்றுகூடக் கெட்டுத் திரும்பியதில்லை. அக்கா பத்து நாள் என்றால் பத்து நாள்தான். யாரும் எண்ணிப் பார்க்க மாட்டார்கள்.

அந்தக் கூடத்தின் தொழிலே சொந்தம் கண்டுபிடிப்பதுதான். கல்யாண வீட்டில் சிலர் உண்டு. நாற்காலியில் உட்கார்ந்ததும் பக்கத்திலிருப்பவரிடம் "நீங்க யார் வீட்டுப் பக்கம்?" என்று ஆரம்பித்து, நாலு தலைமுறை தோண்டி, கடைசியில் "அப்போ நீங்க எனக்கு அண்ணன் முறை" என்று முடித்துவிட்டுத்தான் பந்திக்குப் போவார்கள். இவர்கள் அதையே விலங்குகளுக்குச் செய்தார்கள். ஒவ்வொரு விலங்கின் மரபணுவையும் எழுத்து எழுத்தாகப் படித்து, வரிசையாக வைத்து ஒப்பிட்டால், யார் யாரோடு கூடப்பிறந்தவர், யார் எப்போது பாகம் பிரிந்து போனவர் என்று கணினி ஒரு மரம் போட்டுக் கொடுக்கும். அதில் பல சொந்தங்கள் நாம் நினைத்தது போல இருக்காது. மண்புழுவுக்குப் பூரானைவிட நத்தைதான் நெருக்கம். நமக்கு வண்டைவிட நட்சத்திர மீன் நெருக்கம். இதைக் கேட்டபோது அக்காவின் கணவர், "அதான் உங்க அண்ணன் எங்க போனாலும் கையக் கால நீட்டிப் படுத்துக்கறாரா?" என்று கேட்டு, ஒரு நாள் முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அவர் தையல்காரர். மாடியில் இரண்டு அறை வீடு, கீழே கடை. பள்ளிக்கூடச் சீருடைதான் அதிகம் தைப்பார். நிதானமான மனிதர், அளவு எடுக்காமல் எதையும் வெட்ட மாட்டார், கேட்காமல் எதையும் சொல்ல மாட்டார். இந்த இரண்டாவது குணம்தான் பின்னால் எல்லோரையும் படுத்தி எடுத்தது.

போன வருடம் கப்பலில் போன ஒரு குழு, ஆழமான குளிர்ந்த சேற்றிலிருந்து எட்டுப் புழுக்களைக் கொண்டுவந்து கொடுத்தது. வெளிறிப் போய், தட்டையாக, விரல் நகம் அளவில் இருந்தன. வயிற்றுக்கு அடியில் ஒரு வாய். அவ்வளவுதான். பின்வழி என்று ஒன்று கிடையாது. உள்ளே போனதில் வேண்டாததும் அதே வாசல் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். இப்படி ஒரு ஜீவன் விலங்குக் குடும்பத்தில் எந்தக் கிளையில் உட்காரும் என்று யாருக்கும் தெரியவில்லை. மேடத்துக்கு, அதாவது கூடத்தின் தலைவியான பேராசிரியைக்கு, இருபது வருட ஆசை இது. மேடத்திடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த மாணவிக்கோ இதுதான் பட்டம். ஐந்து வருடமாக மரம் போட்டுப் போட்டுக் கண்ணாடி கனமானவள் அவள். எட்டில் ஒன்றை உடலமைப்பு பார்ப்பதற்காக ஃபார்மலினில் போட்டுவிட்டார்கள். அதிலிருந்து மரபணு எடுக்க முடியாது. மிச்சம் ஏழும் அக்காவின் கைக்கு வந்தன.

பட்டினியின் ஐந்தாம் நாள் தையல்காரருக்கு மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. குடலில் ஒரு கட்டி இருப்பதாக ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். திறந்து பார்த்தால்தான் என்னவென்று தெரியும், நான்கு நாளில் அறுவை சிகிச்சை, அதுவரை நீராகாரம் மட்டும். அக்கா விடுப்பு எடுத்தாள். ஆனால் புழுக்களுக்குத் தினமும் நீர் மாற்ற வேண்டும், குளிரில் வைக்க வேண்டும். அவளுக்கோ அடுத்தவர் கையில் நம்பிக்கை கிடையாது. ஏழு புழுக்களையும் ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டு, ஜாடியைத் துணிப்பையில் வைத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டாள். மாதிரிகளைக் கூடத்துக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது. அதை ஒட்டியவளே அக்காதான்.

கட்டி வெறும் கொழுப்புக் கட்டி. டாக்டர் வெளியே வந்து சொன்னதும் அக்கா அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தவள் அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, துணைக்கு வந்திருந்த நாத்தனாரை மருத்துவமனையில் உட்காரவைத்துவிட்டு, ஜாடியோடு கூடத்துக்குப் போய் ஏழையும் அரைத்தாள்.

மூன்று மாதம் கழித்து மரம் வந்தது. புழு போய் உட்கார்ந்த இடம் சிப்பிகளின் மடியில். கணினி நூறு தடவை கணக்குப் போட்டால் நூறு தடவையும் அதே இடம். சிப்பி ஒன்று ஓட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, பின்வழியையும் தொலைத்துவிட்டு, புழுவாகப் பிழைக்கிறது என்று அர்த்தம். மேடம் எல்லோருக்கும் கேக் வாங்கினார். மாணவி கட்டுரை எழுதி ஆய்விதழுக்கு அனுப்பினாள்.

இரண்டு மாதத்தில், பெயர் சொல்லாத ஒரு மதிப்பீட்டாளரிடமிருந்து பதில் வந்தது. நிறையப் பாராட்டிவிட்டுக் கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: இந்தப் புழுவுக்குச் சிப்பி சொந்தமா, சாப்பாடா?

மேடம் அக்காவைக் கூப்பிட்டார். கோபமாகக் கேட்கவில்லை. "என்னம்மா, பட்டினி சரியா போட்டீங்கல்ல?"

"பத்து நாள் மேடம்."

"அது போதும்" என்றார் மேடம். அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டதும் அக்கா நேராகத் தன் குறிப்பேடு இருந்த அலமாரிக்குப் போனாள்.

ஏனென்றால் அவளுக்கு நிச்சயமில்லை. முதல் ஆறேழு நாள் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. அதற்குப் பிறகு மருத்துவமனை நடைபாதைதான் நினைவில் இருந்தது, வேறொன்றும் இல்லை. நீரை வடிகட்டினாளா? குழாய் நீரில் உப்பைக் கரைத்து ஊற்றினாளா? நாத்தனாருக்குச் சமைக்க வாங்கிய சிப்பியைக் கழுவிய கையோடு ஜாடியைத் திறந்தாளா? குறிப்பேட்டைப் புரட்டினாள். கடைசி நான்கு நாளின் குறிப்பும் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதியது போல இருந்தது. ஒரே மூச்சில்தான் எழுதியிருந்தாள், திரும்பி வந்த பிறகு.

சரி, தப்பென்றால் மறுபடி செய்துவிட்டுப் போகலாமே என்பீர்கள். புழு இல்லை. அடுத்த கப்பல் நாலு வருடம் கழித்து. மேடம் மாணவியிடம் விளக்கிக்கொண்டிருந்தது அக்காவின் காதிலும் விழுந்தது. அந்தச் சேற்றில் ஒருவகை ஆழ்கடல் சிப்பி வாழ்கிறது. பட்டினி சரியாக நடக்காமல் புழு வயிற்றில் அது தங்கியிருந்தால், எது புழுவின் எழுத்து, எது சிப்பியின் எழுத்து என்று பிரிக்கவே முடியாது. அந்தச் சிப்பியின் மரபணுவை உலகத்தில் யாரும் இன்னும் முழுதாகப் படித்ததில்லை. அப்படியானால் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும், ஐந்து வருட உழைப்பு தண்ணீரில் போட்ட உப்புத்தான். மாணவி கேட்டுவிட்டுச் சொன்னாள்: "இருக்காது மேடம். அக்கா பட்டினி போட்டா போட்டதுதான்."

அந்தப் பெண் அப்படிச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அதற்குப் பிறகு மூன்று வாரம் அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. டப்பா முக்கால் பாகம் நிறைந்தே வீடு திரும்பியது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குற்றம் உண்டா இல்லையா என்றே தெரியாத நெஞ்சின் குறுகுறுப்பு அதைவிட மோசம். ஒத்துக்கொள்ளலாம் என்றால் எதை ஒத்துக்கொள்வது? நான் சரியாகச் செய்தேன் என்று அடித்துப் பேசலாம் என்றால் நாக்கு எழவில்லை. மாணவியைக் கண்டாலே கழுவிய குடுவையை மறுபடி கழுவ ஆரம்பித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், தையல்காரர் கடையில் ஒரு சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தார். அக்கா எதிரே முக்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினாள். கடிதம், சிப்பி, ஜாடி, ஒன்று விடாமல்.

"இருபத்திரண்டு வருஷம்ங்க. ஒரு வாரம் புத்தி எங்கயோ இருந்துச்சு. அந்தப் பொண்ணு வாழ்க்கையவே கெடுத்துட்டேனோ என்னவோ."

தையல்காரரின் ஊசி பாதியில் நின்றது. அவர் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க?"

"அந்த ஜாடில இருந்ததுங்களுக்கு," என்றார் மெதுவாக, "யாராச்சும் ஏதாச்சும் குடுத்திருந்தா தப்பா?"

"யாருங்க குடுப்பா? உங்க தங்கச்சி வர்றவரைக்கும் வீட்ல நீங்களும் நானும்தான..." அக்கா நிறுத்தினாள். "என்ன குடுத்தீங்க?"

"கொஞ்சம்தான்."

"என்ன கொஞ்சம்?"

"சிப்பி. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின நாள் சாயங்காலம். ஃபிரிட்ஜத் திறந்தேன், ஏழும் சுருண்டு கெடந்துச்சு. பாவமா இருந்துச்சு. தங்கச்சிக்குன்னு வாங்கி வச்சிருந்தியே, அதுல ஒண்ணே ஒண்ணு எடுத்து, நூல் வெட்டற கத்திரிக்கோலால ஏழாப் பண்ணி..."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. ஆனால் பாருங்கள், அக்காவுக்கு முதலில் வந்தது கோபமில்லை. வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. நான் இல்லை, என் கை தப்பவில்லை. மூன்று வாரமாக அடைத்திருந்த மூச்சு முழுதாக வெளியே வந்தது. கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது. தாமதமாக வந்தாலும் குறைவாக வரவில்லை. தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எட்டு மாசமா வாயத் திறக்கல பாருங்க."

"நீ கேக்கலையே."

"புழுவுக்குச் சோறு போட்டீங்களான்னு எந்தப் பொண்டாட்டிங்க புருஷனக் கேப்பா?"

அக்கா மாடிக்குப் போய் முகம் கழுவினாள். ஈரத்தைத் துடைக்கும்போதுதான் மீதி கணக்கு உறைத்தது. தப்பு தன்னுடையதில்லை என்பது சரி. ஆனால் மாதிரி கெட்டது கெட்டதுதான். மேடத்திடம் சொல்ல வேண்டும். சொன்னால் ஜாடியை வீட்டுக்கு எடுத்துப் போனதையும் சொல்ல வேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது, அதுவும் நூற்றுக்கு நூறு வாங்கிய பூசணிக்காயை. வேலை போனாலும் போகட்டும் என்று முடிவு செய்தபோது, விசித்திரமாக, அவளுக்குப் பசித்தது. மூன்று வாரத்தில் முதல் தடவையாக வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

மறுநாள் காலை கணவரையும் அழைத்துக்கொண்டு மேடத்தின் அறைக்குப் போனாள். அவர் தானே தைத்த சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருந்தார். மாணவியும் அங்கே இருந்தாள். அக்கா நின்றுகொண்டே சொன்னாள். உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை.

மேடம் தையல்காரர் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க சார். வேக வச்சதா, பச்சையா?"

"பச்சைதாங்க. அடுப்புப் பக்கம் நான் போறதில்ல."

"எவ்வளவு இருக்கும்?"

"ஒரு துண்டு அரிசி அளவுங்க. ஏழும் ஒரே அளவுதான் வெட்டினேன்." இதைச் சொல்லும்போது குரலில் ஒரு தொழில் பெருமை எட்டிப்பார்த்தது. அக்கா முறைத்ததும் உள்ளே போய்விட்டது. "தின்னுச்சான்னு பாத்தேங்க. ஒவ்வொண்ணும் மேல ஏறிப் படுத்து மூடிக்கிச்சு. கொஞ்ச நேரத்துல ஒண்ணும் காணோம்."

அதுவரை வாயில் கை வைத்து நின்றிருந்த மாணவி குறுக்கே வந்தாள். "ஐயா, அது என்ன சிப்பி? எங்க வாங்கினது?"

"கடைலதாம்மா," என்றாள் அக்கா. "கருப்பா நீளமா இருக்குமே. பண்ணைல வளக்கறது. எல்லாக் கடைலயும் அதுதான விக்குது."

"கடைச் சிப்பியா?" மாணவியின் முகத்தில் ரத்தம் திரும்பியது. "மேடம், கடைச் சிப்பி மேடம். அது முழுசாப் படிச்சு வச்சிருக்காங்க. ஆழ்கடல் சிப்பி இல்ல."

அக்காவுக்குப் புரியவில்லை. மாணவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு விளக்கினாள். பண்ணைச் சிப்பியின் மரபணு எழுத்து முழுவதும் எப்போதோ படித்து, யாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். எதைக் கழிக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால் கழித்துவிடலாம். கழித்தால் மிஞ்சுவது புழு. அவளுடைய ஒப்பீட்டுப் பட்டியலில் இருந்ததெல்லாம் வேறு இடத்து ஆழ்கடல் சிப்பிகள்தான். ஆழ்கடல் புழுவின் சாப்பாட்டைச் சமையலறையில் தேட வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

மதியத்துக்குள் தெரிந்துவிட்டது. மாதிரியில் சிப்பி மாதிரி இருந்த எழுத்தெல்லாம் கடைச் சிப்பியோடு அப்படியே பொருந்தியது, புள்ளி பிசகாமல். அதையெல்லாம் எடுத்துவிட்டு, மீதியை மறுபடி கணினியில் ஏற்றினாள் மாணவி. மரம் வர இரண்டு வாரம் ஆகும். சிப்பி போன பிறகு புழுவின் சொந்த எழுத்து போதுமான அளவு மிஞ்சியிருக்குமா, கிளை நிற்குமா, ஆடுமா என்பது அப்போதுதான் தெரியும்.

அந்த இரண்டு வாரமும் மேடம் அக்காவிடம் அதிகம் பேசவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுக்கச் சொன்னார். அக்கா ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தாள். புதிதாக வந்த கடல் நத்தைகளுக்கு அவளிடமே பட்டினி போடச் சொல்வார்களா, வேறு யாரிடமாவது கொடுப்பார்களா என்று ஒவ்வொரு காலையும் மேசையைப் பார்த்தாள். நத்தைகள் மூன்றாவது அறையில் பொதுத் தொட்டியிலேயே இருந்தன, தின்றுகொண்டு.

பதினான்காம் நாள் மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், மாணவி மூச்சிரைக்க வந்தாள். அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். திரையில் மரம் இருந்தது. சிப்பிகள் ஒரு மூலையில் தங்கள் பாட்டுக்கு இருந்தன. புழு அங்கே இல்லை. இடம் வலம் என்று இரண்டு பக்கம் கொண்ட விலங்குகள் எல்லாவற்றுக்கும் அடியில், எல்லோருக்கும் முன்னால் பாகம் பிரிந்து போன தனிக் கிளையில் அது உட்கார்ந்திருந்தது. பின்வழியை அது தொலைக்கவில்லை; அப்படி ஒன்று உண்டாவதற்கு முன்பே வீட்டைவிட்டுக் கிளம்பியது போலிருக்கிறது. கிளையின் மேல் தொண்ணூற்றெட்டு என்று எழுதியிருந்தது.

"நூத்துக்குத் தொண்ணூத்தெட்டுக்கா. சிப்பிக்குச் சொந்தம்னு சொன்னதவிட இது பெரிய விஷயம். கட்டுரைய மாத்தி எழுதணும், அவ்ளோதான். பட்டம் வந்துரும்."

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. மேடம் கதவருகே நின்றிருந்தார். "அந்த மதிப்பீட்டாளர் மட்டும் கேக்கலன்னா, தப்பாவே அச்சுல வந்திருக்கும்" என்றார். பிறகு அக்காவைப் பார்த்தார். "நீங்களும் சொல்லாம இருந்திருந்தா நமக்குத் தெரிஞ்சிருக்காது. இனிமே எதையும் வீட்டுக்குக் கொண்டுபோகாதீங்கம்மா. விடுப்புல போனா என்கிட்ட குடுங்க, நானே தண்ணி மாத்தறேன். அந்த நத்தைய எல்லாம் இன்னிலேருந்து பட்டினில போட்டுருங்க."

அக்கா நத்தைகளை எடுத்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது வெயில் இன்னும் தாழவில்லை. தையல்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். அவள் எல்லாம் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, "அதுக்கு நல்ல இடம் கெடச்சுதா?" என்று மட்டும் விசாரித்தார்.

"கெடச்சுது. எல்லாருக்கும் மூத்த கிளை." அக்கா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கோபமெல்லாம் வடிந்துவிட்டிருந்தது. "இப்பயாச்சும் சொல்லுங்க. பாவம் பாக்கறதுக்கு வேற ஆளா கெடைக்கல? நாள் தவறாமச் சொல்வேனே, பட்டினி போட்டிருக்கேன், தொடாதீங்கன்னு."

அவர் நூல் கண்டை எடுத்து, சுற்றி, மறுபடி பிரித்தார். கேட்டால்தான் சொல்லும் மனிதர், கேட்டபோது சொன்னார்.

"மறுநாள் என் வயித்தத் திறக்கப் போறாங்க. வெளிய வருவேனோ மாட்டேனோன்னு இருந்துச்சு. உன்கிட்ட சொன்னா நீ பயந்துருவ. அன்னிக்கு எனக்கும் தண்ணிதான், அதுங்களுக்கும் தண்ணிதான். ரெண்டு நாள்ல அரைக்கப் போறேன்னு வேற நீ சொல்லியிருந்த. என்னை வெளிய கொண்டுவர நாலு டாக்டர் இருக்காங்க. அதுங்களுக்கு யார் இருக்கா? போறதுதான் போகுது, வயிறு நெறஞ்சு போகட்டும்னு குடுத்தேன்."

அந்த நாலு நாளும் அவர் இயல்பாகத்தான் இருந்தார், பையில் துண்டு வைத்தாயா, சோப்பு வைத்தாயா என்று கேட்டுக்கொண்டு. பயமெல்லாம் தன்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்று அவள் நினைத்திருந்தாள்.

"எனக்கும் அப்படித்தாங்க இருந்துச்சு," என்றாள். "ஜாடில தண்ணி மாத்தினேனா இல்லையான்னே தெரியாத அளவுக்கு."

சொல்லிவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு, எட்டு மாதம் தாமதமாக, நன்றாக அழுதாள்.